பெட்ரோல் பம்ப் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் நிற்கிறது: எஸ்கார்ட் மார்க் 1

எஸ்கார்ட்_73 எழுதியது (ஞாயிறு, இரவு 11:20)

எல்லாருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஒரே தொல்லை, தூக்கம் போய்விட்டது, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1973 ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 1. இன்ஜின் 1600 கெண்ட் கிராஸ்ஃப்ளோ, வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர் இரண்டு. இன்ஜின் பக்கவாட்டில் கேம்ஷாஃப்ட் இடித்து ஓடும் பழைய மெக்கானிக்கல் பம்பை எடுத்துவிட்டு, டிக் டிக் என்று அடிக்குமே, அந்த சாலிட் ஸ்டேட் மின்சார பம்ப் போட்டிருக்கிறது. பம்ப் பூட்டுக்குள் (வண்டியின் பின்னால் சாமான் வைக்கும் டிக்கிக்குள்) பக்கச் சுவரில், டேங்கின் அடிமட்டத்திலிருந்து ஒரு ஜாண் மேலே இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு வண்டி முழுக்கப் பிரித்து பெயின்ட் அடித்தபோது பட்டறையில் மாட்டிக் கொடுத்தது.

பிரச்சினை இதுதான். கிளம்பும்போது நன்றாக ஓடும். இருபது, இருபத்தைந்து நிமிடம் கழித்து பி.ஐ.இ. விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போய், முன்னால் வழி கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துவிடுகிறது. ஓரமாக ஒதுக்கி நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. போன வெள்ளி சாயங்காலம் ஜாலான் ஈயூனோஸ் பக்கம் நின்றுபோய், விரைவுச்சாலை மீட்பு வண்டி வந்து பக்கத்துக் கார் நிறுத்துமிடம் வரை இழுத்துவிட்டது. காசு வாங்கவில்லை, ஆனால் பின்னால் அத்தனை லாரி வரும் சாலையில் மகளைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

இதுவரை செய்தது: பம்ப் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, இப்போது இருப்பது மூன்றாவது. ஃபில்டர் மாற்றினேன். கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். பம்புக்கு வரும் ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.4 வோல்ட் காட்டுகிறது, ஆகவே கரன்ட் பிரச்சினை இல்லை.

இன்னொன்று, இது சம்பந்தம் உள்ளதா தெரியவில்லை: போன மாதம் மலாக்கா போய் வந்தோம். நல்ல வெயில், 200 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. இங்கே சிங்கப்பூருக்குள் ஓட்டும்போதுதான் நிற்கிறது. பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் இருக்கிற வண்டி, வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம், அதில் பாதி நாள் ஓரமாக நின்றே போய்விடும் போலிருக்கிறது. உதவி செய்யுங்கள்.


பழைய_இரும்பு எழுதியது (திங்கள், காலை 7:05)

தம்பி, பத்து நிமிடம் ஆறவிட்டால் ஓடுகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது டேங்க்தான். கரன்டை அப்புறம் பார்ப்போம்.

ஒன்று, டேங்க் மூடியில் காற்று உள்ளே போகும் சின்ன ஓட்டை அடைத்திருக்கலாம். பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காற்று வரவில்லை என்றால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்க முடியாமல் திணறும். அடுத்த தடவை நின்றவுடனே இறங்கிப்போய் மூடியைத் திற. 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

இரண்டு, ஐம்பது வருட டேங்க். உள்ளே துரு செதில் செதிலாக இருக்கும். பம்ப் இழுக்கும்போது அது குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், பம்பை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் உதிர்ந்து கீழே விழும், மறுபடி ஓடும். என் பழைய வேனில் இப்படித்தான் இருந்தது. எத்தனை பம்ப் மாற்றினாலும் தீராது, டேங்கை இறக்கிக் கழுவினால்தான் தீரும்.

மூன்று, ரப்பர் ஹோஸ். பழைய ரக ஹோஸ் வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், உள்பக்கத் தோல் உரிந்து வால்வு மாதிரி மூடிக்கொள்ளும். ஆர்9 ரகம் வாங்கிப் போடு, விலை கூடுதல்தான், ஆனால் பெட்ரோல் விஷயத்தில் மலிவு பார்க்கக் கூடாது.

அப்புறம் முக்கியமாக, நிற்பது பெட்ரோல் இல்லாமல்தானா என்று முதலில் உறுதி செய்தாயா? மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் செட்டோடு இருக்கும் கண்டன்சர் சூடானால் செத்து, ஆறினால் உயிர் வரும், அச்சு அசல் பெட்ரோல் கோளாறு மாதிரியே ஏமாற்றும். நின்ற உடனே இன்ஜினை அணைத்தபடியே காற்று ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் ஒரு இழுப்பு இழு. ஊசி மாதிரி பெட்ரோல் பீய்ச்சினால் ஃப்ளோட் சேம்பரில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம்) பெட்ரோல் இருக்கிறது, கோளாறு மின்பொறியில். வறண்டு கிடந்தால் பெட்ரோல்தான் வரவில்லை.


ஈசூன்_ஒயரிங் எழுதியது (திங்கள், மதியம் 12:48)

அண்ணன் சொன்ன டேங்க் சோதனை எல்லாம் சரி, செய்யுங்கள். ஆனால் நான் இருபத்திரண்டு வருடமாகக் கப்பல் மின்வேலை செய்கிறவள், உங்கள் பதிவில் ஒரு வரியை மட்டும் விட முடியவில்லை. 'ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.4 வோல்ட், ஆகவே கரன்ட் பிரச்சினை இல்லை.'

இந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. கழற்றிய ஒயரில் கரன்ட் ஓடுவதில்லை. மீட்டர் இழுக்கும் துளியூண்டு கரன்டுக்கு, பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கூட முழு 12 வோல்ட்டைக் காட்டும். பம்பை மாட்டி அது ஒரு ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த ஒயரின் லட்சணம் தெரியும். குழாயைத் திறக்காமல் தண்ணீர் வேகத்தை அளக்க முடியாது, அதே கதைதான்.

இன்னொன்று, நீங்கள் பார்த்தது பாசிட்டிவ் பக்கம் மட்டும். பம்புக்குள் போன கரன்ட் திரும்பி வரவும் வழி வேண்டும். கார் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் அந்த வழிதான் எர்த். அதைப் பார்த்தீர்களா?

சூடுதான் காரணம் என்றால் மலாக்கா வெயிலில் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. அதனால் சில கேள்விகள், யோசித்துப் பதில் சொல்லுங்கள்:

நின்ற நேரங்களில் முகப்பு விளக்கு போட்டிருந்தீர்களா? மழையா, இரவா? டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? பம்பின் எர்த் ஒயர் எங்கே போய் முடிகிறது? அதே இடத்தில் வேறு ஒயரும் சேர்கிறதா?


எஸ்கார்ட்_73 எழுதியது (திங்கள், இரவு 9:30)

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையாக எண்ணிப் பார்த்தேன். மொத்தம் ஆறு தடவை நின்றிருக்கிறது. ஐந்து தடவை இருட்டிய பிறகு, ஒரு தடவை பகலில், அதுவும் கொட்டும் மழையில். ஆறிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் இதை இப்படி யோசிக்கவே இல்லை, நாள் முழுக்க நின்ற வண்டி சாயங்காலம் சூடாகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டேங்க் எப்போதும் கால்வாசி, அதற்கும் கீழேதான் இருந்திருக்கும். மலாக்கா போகும்போது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்காக நிரப்பிக்கொண்டுதான் போனேன், சிங்கப்பூரைவிட்டு வெளியே போகும் வண்டியில் முக்கால் டேங்க் இருக்க வேண்டும் என்ற சட்டம் இருக்கிறதே. திரும்பி வருகிற வழியில் மறுபடி நிரப்பினேன்.

எர்த் ஒயர், பூட்டில் இடதுபக்க விளக்குக்குக் கீழே ஒரு ஸ்க்ரூவில் முடிகிறது. பின்விளக்குகளின் எர்த் ஒயரும் அதே ஸ்க்ரூவில்தான்.

இதை எழுதும்போது இன்னொன்று நினைவு வருகிறது. ஈயூனோஸில் நின்றபோது ஹஸார்ட் விளக்கை (இண்டிகேட்டர் எல்லாம் சேர்ந்து சிமிட்டுமே, அது) போட்டுவிட்டு சாவியைத் திருப்பினேன், பம்ப் சத்தம் டிக் டிக் டிக், நிறுத்தம், டிக் டிக் டிக், நிறுத்தம் என்று விட்டு விட்டு வந்தது. பம்ப் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து மறுநாளே போய் மூன்றாவது பம்ப் வாங்கினேன்.


ஈசூன்_ஒயரிங் எழுதியது (திங்கள், இரவு 10:15)

அந்த விட்டு விட்டு வந்த சத்தம்தான் விடை என்று எனக்குப் படுகிறது. ஹஸார்ட் விளக்கு எரியும்போது பம்ப் நின்று, அணையும்போது ஓடியிருக்கிறது. அளந்து பார்த்தால்தான் உறுதி.

கணக்கைப் பாருங்கள். பிரேக் விளக்கு ஒன்று 21 வாட். இரண்டு சேர்ந்தால் 42 வாட், 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு ஆம்பியருக்கு மேல். பம்ப் ஒன்றேகால் ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனையும் ஒரே ஸ்க்ரூ வழியாக பாடிக்குள் இறங்க வேண்டும். அந்த ஸ்க்ரூ பெயின்டுக்கு மேல் உட்கார்ந்திருந்து முக்கால் ஓம் தடை இருந்தாலே போதும், பம்ப் மட்டும் ஓடும்போது ஒரு வோல்ட் போகும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. விளக்கு எரிந்து பிரேக்கும் மிதித்தால் நான்கு வோல்ட் போய்விடும். பம்புக்கு மிஞ்சுவது எட்டு வோல்ட். அதில் அது முக்கும், ஆனால் தள்ளாது.

டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டம் பம்பைவிட மேலே, சோர்ந்த பம்புக்கும் பெட்ரோல் தானாக வந்து சேரும். கால் டேங்கில் பம்ப் ஒரு ஜாண் மேலே உறிஞ்ச வேண்டும், எட்டு வோல்ட்டில் அது முடியாது. மலாக்காவில் ஏன் நிற்கவில்லை என்பது இதுதான்: பகல், முழு டேங்க், பிரேக் மிதிக்கிற வேலையே இல்லை. பி.ஐ.இ. சாயங்கால நெரிசலில் கால் பிரேக்கிலேயே இருக்கிறது, ஃப்ளோட் சேம்பர் மெல்ல மெல்ல வற்றிக்கொண்டே வருகிறது, சும்மா ஊர்வதற்கு மிச்சமிருப்பது போதும், வழி கிடைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது உள்ளே ஒன்றும் இல்லை.

சோதனை: மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். பேட்டரி முன்னால் இருப்பதால் ஒரு நீள ஒயர் தேவைப்படும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் முதலை கிளிப்போடு கிடைக்கும். சிவப்பு முனை பம்பில் எர்த் ஒயர் மாட்டியிருக்கும் காலில். எதையும் கழற்றாதீர்கள், பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பம்ப் மட்டும், அப்புறம் விளக்கு, அப்புறம் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். அதற்கு மேல் போனால் அந்த ஸ்க்ரூ. பிறகு இதே மாதிரி பேட்டரி பாசிட்டிவுக்கும் பம்பின் பாசிட்டிவ் காலுக்கும் நடுவே பாருங்கள், அங்கே அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பூட்டுக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், கசிவை முதலில் பாருங்கள். எர்த் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும்.


ஃபைபர்_பாடி எழுதியது (செவ்வாய், காலை 6:40)

நல்ல விவாத இழை. நான் ஹூஸ்டனில் ஆறு வருடம் வேலை பார்த்தபோது வார இறுதியில் ஒரு ஹாட் ராட் (பழைய காரை மாற்றியமைத்து வேகமாக ஓட வைப்பது) கொட்டகையில் கூடமாட வேலை செய்வேன். 1932 ஃபோர்டு மாதிரியில் ஃபைபர் கிளாஸ் பாடி, உள்ளே வி8 இன்ஜின். அந்த பாடியில் எங்கே ஸ்க்ரூ அடித்தாலும் எர்த் கிடைக்காது, பிளாஸ்டிக் தானே. அதனால் அங்கே ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் தனித்தனியாக எர்த் ஒயர் இழுத்து சட்டத்துக்கும் பேட்டரிக்கும் கொண்டுபோவார்கள். இரும்பு பாடி வைத்திருக்கிற நாம்தான் எங்கே வேண்டுமானாலும் ஒரு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு எர்த் வந்துவிட்டது என்று நம்புகிறோம். பெயின்டும் அடிப்பூச்சும் ஃபைபர் மாதிரிதான், கரன்ட் போகாது.

ஒயரிங் அக்கா கண்டுபிடித்தது சரியாக இருந்தாலும் பம்பை அந்த இடத்தில் விடாதீர்கள். இந்த ரக பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் மட்டம். டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாக அல்லது கீழே இருக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், நம் ஊர் 32, 33 டிகிரி வெயிலில், அதுவும் தார்ச்சாலைச் சூட்டில் சொல்லவே வேண்டாம். பம்புக்கு முன்னால் பெரிய கண் உள்ள ஃபில்டர், நுண்ணிய ஃபில்டர் பம்புக்குப் பின்னால். பல பேர் இதை மாற்றிப் போட்டுவிட்டு பம்பைத் திட்டுவார்கள்.

கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு அழுத்த மீட்டர் வையுங்கள். டிசிஓஇக்கு மூன்று, மூன்றரை பிஎஸ்ஐ தாராளம், அதற்கு மேல் போனால் ஃப்ளோட் சேம்பருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு வழியும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் 40, 50 பிஎஸ்ஐ பம்பை யாராவது கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள்.

இன்னொரு கேள்வி. சாவி போட்டிருந்து இன்ஜின் நின்றுபோனால் உங்கள் பம்ப் நிற்கிறதா? நிற்காவிட்டால் மோதலில் குழாய் அறுந்தாலும் அது பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மோதினால் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச் ஒன்று போடுங்கள்.


எஸ்கார்ட்_73 எழுதியது (ஞாயிறு, மாலை 6:10)

அளந்துவிட்டேன்! நேற்று இரவு எங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்தின் மேல் தளத்தில், பன்னிரண்டு மணிக்கு மேல், யாரும் இல்லை, பம்ப் சத்தம் தெளிவாகக் கேட்டது. மகள் டிரைவர் சீட்டில், நான் பூட்டில். (அவளுக்கு பதினாறு வயது, பிரேக் மிதிக்க மட்டும் அனுமதி.)

பம்ப் மட்டும்: 0.9 வோல்ட். விளக்கு போட்டதும்: 1.7. 'மிதிம்மா' என்றேன், மீட்டர் 4.1 என்று எகிறியது, அந்த நொடியே பம்பின் டிக் டிக் வேகம் பாதியாகி, மூச்சு வாங்குகிற மாதிரி இழுத்து இழுத்து அடித்தது. காலை எடுக்கச் சொன்னேன், பழையபடி வேகம். மறுபடி மிதி, மறுபடி திணறல். நான்கைந்து தடவை செய்து பார்த்தேன், நம்பவே முடியவில்லை. மகள் பின்னால் வந்து பார்த்துவிட்டு, பிரேக் மிதிக்கும்போது இடதுபக்க இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது என்றாள், அதுவும் எர்த் போன அடையாளம் என்று இப்போது புரிகிறது.

இன்று காலை பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த ஸ்க்ரூவை எடுத்தேன். தகரத்துக்கு அடித்த பெயின்ட் வளையமாக அப்படியே பளபளவென்று இருக்கிறது, ஒயர் முனையின் வட்டம் முழுக்க பெயின்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இரும்பைத் தொட்டது ஸ்க்ரூவின் மரை மட்டும், அதிலும் துரு ஏறி, ஒரு பக்கம் கருகி நீலம் பூத்திருக்கிறது. அந்த ஒயர் முனையின் பிளாஸ்டிக் உறை உருகி வளைந்திருக்கிறது. இரண்டு வருடமாக மூன்று பம்பும் இதன் வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கின்றன.

பெயின்டைச் சுரண்டி வெறும் தகரம் தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து, நட்டு போல்ட்டாக மாற்றி, மேலே வாசலின் பூசினேன். விளக்குகளுக்கு அது. பம்புக்குத் தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், நேராக பேட்டரி நெகட்டிவ் வரை. பாசிட்டிவ் பக்கமும் பார்த்தேன், 1.3 வோல்ட் போகிறது, பழைய ஃபியூஸ் பெட்டி வழியாக மெல்லிய ஒயர். அதற்கு ஒரு ரிலே (சின்னக் கரன்டால் பெரிய கரன்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), பேட்டரி பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ். ரிலேயின் கால் எண்கள்: 30இல் பேட்டரி, 87இல் பம்ப், 86இல் சாவி, 85 எர்த்.

இப்போது எல்லாம் எரிய, பிரேக் மிதித்தபடி எர்த் பக்கம் 0.05. பம்பில் சத்தம் மாறவே இல்லை.

டேங்க் மூடியையும் பார்த்தேன் அண்ணே, காற்று ஓட்டை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹோஸ் நீங்கள் சொன்ன மாதிரியே உள்ளே தோல் உரிய ஆரம்பித்திருந்தது, ஆர்9 மாற்றிவிட்டேன்.


பழைய_இரும்பு எழுதியது (ஞாயிறு, இரவு 8:22)

நான் டேங்கைச் சொன்னேன், தங்கச்சி எர்த்தைச் சொன்னது, அதுதான் சரி. பிரேக் விளக்கைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி, கழற்றிய இரண்டு பம்பையும் தூக்கிப் போட்டுவிடாதே. இரண்டும் நல்ல பம்பாகத்தான் இருக்கும். பேட்டரியில் நேராகக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு தள்ளுகிறது என்று மண்ணெண்ணெயில் பார்த்து, ஒன்றை பூட்டில் வைத்துக்கொள்.


எஸ்கார்ட்_73 எழுதியது (ஞாயிறு, இரவு 8:50)

இரண்டும் இருக்கிறது அண்ணே, பார்க்கிறேன். அக்கா, அந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டிருந்தால் நான் நான்காவது பம்ப் வாங்கியிருப்பேன், மிகவும் நன்றி.

பம்பைக் கீழே இறக்குவதும் இனர்ஷியா ஸ்விட்சும் அடுத்த வாரம், அதற்கான தாங்கியை வெட்டிக்கொண்டிருக்கிறேன். அதுவரை டேங்கைப் பாதிக்குக் கீழே விடுவதாக இல்லை. நாளை சாயங்காலம் ஆறரை மணிக்கு, வேண்டுமென்றே, பி.ஐ.இ. நெரிசலில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன், மகள் இல்லாமல். ஏதாவது நடந்தால் இங்கேயே எழுதுகிறேன்.